சென்னைக் குளிர்காலத்தில் இயற்கை பார்க்கப் புறப்படுகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

அக்டோபர் முதல் வாரம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து டாக்சி பிடித்து, எண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேடந்தாங்கலில் போய் இறங்கினேன். ஏரியில் தண்ணீர் இல்லை. நாலு கொக்கும் ஓர் ஆட்டு மந்தையும் இருந்தன. டீக்கடைக்காரர் கிளாசை நீட்டிக்கொண்டே, "மழையே இன்னும் பெய்யலியே சார், பறவ எங்க வந்து உக்காரும்?" என்றார். கழுத்தில் ஆன்லைன் தள்ளுபடியில் வாங்கிய 20×50 பைனாகுலர். அதைக் கண்ணில் வைத்தால் கொக்கு நிலநடுக்கத்தில் மாட்டியது மாதிரி ஆடியது.

டாக்சிக்கு நாலாயிரம், பைனாகுலருக்கு மூவாயிரம். மறுநாள் காலை வேளச்சேரியில் எங்கள் மொட்டைமாடியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் காலிமனை வேலிக்கம்பியில் ஒரு பழுப்பு நிறக் குருவி, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து 'க்ரீச் க்ரீச்' என்று எரிச்சலாகக் கத்தியது. பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வந்திருந்தது. பெயர் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது. பார்க்க ஒரு பைசா செலவில்லை.

அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் போய்விட்டது. எங்கே, எப்போது, எவ்வளவு செலவில், என்ன காகிதத்தோடு போக வேண்டும் என்பதை அலைந்து அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பறவைகள்தான் அதிகம் வரும். மரமும் பூச்சியும் ஆமையும் நடுநடுவே வரும்.

1. முதலில் காலண்டர்

ஸ்வெட்டர் போட வேண்டிய குளிர் இங்கே கிடையாது. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் 20, 21 டிகிரிக்கு இறங்கினால் பெரிது. ஆனால் வடக்கே ஏரியெல்லாம் உறைந்துபோன பறவைகளுக்கு இதுதான் சொர்க்கம். அதனால் நம் கணக்கில் குளிர்காலம் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது.

அக்டோபரில் தூரப் பயணம் வேண்டாம். கீச்சான், வாலாட்டி, தகைவிலான் எல்லாம் தெருவுக்கே வந்துவிடும். தட்டான்கள் கூட்டமாகத் திரியும். மழைக்கு முன்பும் இடைவெளியிலும் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்ற பட்டாம்பூச்சிகள் ஒரே திசையில் பறந்துபோவதைக் கவனித்தால், அது வலசை. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவை.

நவம்பர் மழைக்கு. வீட்டிலிருந்தே தவளைச் சத்தம் கேளுங்கள். புயல் அறிவிப்பு இருக்கும் வாரத்தில் ஏரிக்கரைப் பக்கம் போகவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவிலேயே இடுப்பளவு தண்ணீர்.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரைதான் அசல் பருவம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஏரி நிரம்பியிருக்கும்போது வாத்து, கூழைக்கடா, நீர்க்காகம் பார்க்கலாம். உள்ளான் வகைகளுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும் வேண்டும். தண்ணீர் வற்ற வற்றத்தான் அவை கூட்டமாக இறங்கும். நல்ல மழை பெய்த வருஷத்தில் டிசம்பரில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போய், "போன வருஷம் ஆயிரக்கணக்கில் இருந்ததே, இப்போது ஒன்றையும் காணோமே" என்று புலம்புகிறவர்கள் பிப்ரவரியில் மறுபடி போகட்டும்.

நேரம்: டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் சுமார் 6.15-க்கு உதிக்கும், ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். 6 மணிக்கு இடத்தில் இருங்கள், 8.30-க்குக் கிளம்பிவிடுங்கள். மாலையில் 4 முதல் 5.45 வரை. நடுப்பகலில் போவது வெயில் காய.

2. என்ன வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

முதல் மாதம் ஒரு நோட்டும் பேனாவும் போதும். அறுபது ரூபாய். நிஜமாகத்தான் சொல்கிறேன். கண்ணால் மட்டும் பார்த்துப் பழகாதவருக்கு பைனாகுலர் கிடைத்தால், பறவை இருக்கும் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பெரிதாகப் பார்ப்பார்.

பிறகு வாங்குவதானால் 8×42 அல்லது 8×40. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் கூடவே பெரிதாகும், பார்க்கும் பரப்பு சுருங்கும். 20×50, 'ஜூம்' வைத்தது, சிவப்புக் கண்ணாடி போட்டது, கண்காட்சியில் ஆயிரம் ரூபாய்க்கு விற்பது எதையும் தொடாதீர்கள். ஓரளவு நல்லது ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் வரும். கடையில் வாங்கினால் வாசலுக்கு எடுத்துவந்து தூரத்து பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். எழுத்து இரண்டாகத் தெரிந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கேளுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பரை மடக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் ஒரு மாதம் ஓட்டைக்குள் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமரா இப்போது வேண்டாம். லட்ச ரூபாய் லென்ஸோடு வருகிற நண்பர் ஒருவர் இன்றைக்கும் என்னிடம்தான் பெயர் கேட்கிறார்.

துணி மங்கலான நிறத்தில் முழுக்கை. காலில் ஷூ. தண்ணீர், தொப்பி, கொசு மருந்து.

3. வீட்டிலிருந்து முந்நூறு மீட்டர்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததுதான் நான் செய்த முதல் தப்பு. உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓர் இடம் பிடியுங்கள். கோயில் குளம், மாநகராட்சிப் பூங்கா, மழைநீர் தேங்கிய காலிமனை, மொட்டைமாடி, எதுவானாலும் சரி. வாரத்தில் மூன்று நாள், ஒரே நேரத்தில், பதினைந்து நிமிடம். நாலு வாரம்.

முதல் வாரம் எப்போதும் இருப்பவை: காகம், மைனா, புறா, தையல்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, கரிச்சான், செண்பகம், பச்சைக்கிளி, வெண்மார்பு மீன்கொத்தி, வல்லூறு. இந்தப் பத்தையும் முதுகைப் பார்த்தே சொல்ல வந்துவிட்டால்தான் பதினொன்றாவது 'புதுசு' என்று உறைக்கும். விருந்தாளியை அடையாளம் காண வீட்டு ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்தப் பதினொன்றாவது என்னவாக இருக்கும்? வேலியில் கீச்சான். தண்ணீர் ஓரத்தில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டி. புதருக்குள் உருவமே தெரியாமல் 'டக்… டக்…' என்று நாக்கைத் தட்டுவது போல ஒரு சத்தம் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் நாணல் கதிர்க்குருவி. அதைப் பார்த்துத்தான் தீருவேன் என்று நிற்காதீர்கள், ஆபீஸ் போய்விடும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து பூச்சி பிடித்துத் திரும்பும் பச்சைப் பறவை பஞ்சுருட்டான். வால் நீலமாக இருந்தால் குளிர்கால விருந்தாளி. வேப்ப மரத்தில் மஞ்சளாக ஒன்று பறந்து மறைந்தால் மாங்குயில்.

காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டை விசில் மாதிரி ஒரு குரல் கேட்டால் வெளியே ஓடுங்கள். ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், சிவப்பு என்று வண்ணப்பெட்டியைக் கவிழ்த்தது போன்ற பறவை, தரையில் சருகைக் கிளறித் தின்னும். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கமிருந்து இரவில் பறந்து வருகிறது. செப்டம்பர் கடைசி, அக்டோபரில் களைத்துப்போய் அபார்ட்மென்ட் கண்ணாடியில் மோதி பால்கனியில் விழும். அப்படிக் கிடைத்தால் ஓர் அட்டைப்பெட்டியில் காற்றோட்டத்துக்குத் துளை போட்டு, உள்ளே துணி விரித்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள். தெளிந்ததும் மரம் அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்துவிட்டால் தானே போய்விடும். எழவில்லையென்றால், இறக்கை தொங்கினால் வனத்துறையிடமோ விலங்கு மருத்துவரிடமோ கொடுத்துவிடுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

பறவை வராத நாளில் தரையைப் பாருங்கள். மார்கழிக் காலையில் பனி இறங்கிய காலிமனைப் புல்லில் நூற்றுக்கணக்கில் சிலந்தி வலை தெரியும், அரை மணி வெயிலில் மறைந்துவிடும். வாசல் கோலத்தையும் பாருங்கள். அரிசிமாவுக் கோலமென்றால் எறும்பு வரிசை, பின்னாலேயே அணில். கல்மாவுக் கோலத்துக்கு யாரும் வருவதில்லை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி வீட்டு வாசலில் மட்டும்தான் இன்னும் எறும்பு வருகிறது.

மரங்களையும் நோட்டில் சேருங்கள், அவை பறந்துபோகாது. நவம்பர், டிசம்பரில் மரமல்லி இரவில் பூத்துக் காலையில் தெருவை வெள்ளையாக்கியிருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் நாட்டு வாதுமை இலைகள் சிவந்து உதிரும். பிப்ரவரி வாக்கில் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும் முள்ளிலவு மரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். தேன் குடிக்க மைனா, கரிச்சான், காகம், தேன்சிட்டு, அணில் எல்லாம் அங்கேயே வரும்.

4. பெயர் கண்டுபிடிப்பதும் குறிப்பு எழுதுவதும்

போனில் மூன்று செயலிகள் போதும், மூன்றும் இலவசம். பறவையை அடையாளம் காண மெர்லின். பார்த்ததைப் பட்டியலாகப் பதிய இ-பேர்ட். பூச்சி, செடி, நண்டு என்று மற்ற எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட். மெர்லினில் தென்னிந்தியாவுக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் நின்று இறக்கப் பார்த்தால் பறவை போன பிறகுதான் முடியும்.

செயலியை அப்படியே நம்பினால் மானம் போகும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி அணில் கத்துவதையும் ஏதோ பறவை என்று காட்டும். கரிச்சானுக்கு வல்லூறு மாதிரியே கத்தத் தெரியும், அதில் மனிதரே ஏமாறுவார்கள். கண்ணால் பார்க்காததைப் பட்டியலில் ஏற்றாதீர்கள். என் முதல் பட்டியலில் இந்தப் பக்கமே எட்டிப்பார்க்காத ஒரு மலைப்பறவை இருந்தது. பதிவைச் சரிபார்க்கும் தன்னார்வலர் மிக மரியாதையாக, "இன்னொரு தடவை யோசிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

நோட்டில் எழுத வேண்டியது: தேதி, நேரம், இடம், மேகமா வெயிலா, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் அளவை மைனாவோடு ஒப்பிட்டு எழுதுங்கள்: மைனாவை விடச் சிறியது, கால் மஞ்சள், வாலில் வெள்ளை ஓரம். வீட்டுக்கு வந்தபின் நிறத்தை நினைவிலிருந்து எழுதினால் எல்லாமே பழுப்பாகிவிடும்.

5. காகிதங்கள், அனுமதி

எப்போதும் பையில் இருக்க வேண்டியது ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமத்தின் நகல் இரண்டு. பைனாகுலரோடு காலை ஆறு மணிக்குச் சந்தில் நின்றால் போலீஸ்காரரோ குடியிருப்புக் காவலாளியோ கேட்கத்தான் செய்வார். "பறவை பார்க்கிறேன்" என்று சொல்லி, நோட்டைத் திறந்து காட்டி, பைனாகுலரை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். பாதிப் பேர் அதன்பின் தங்கள் ஊர்ப் பறவையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆனால் விமான நிலையச் சுற்றுச்சுவர், துறைமுகம், பரங்கிமலையிலும் தாம்பரத்திலும் உள்ள ராணுவ, விமானப்படை இடங்கள், கல்பாக்கம் பக்கம் ஆகிய இடங்களில் பைனாகுலரை வெளியே எடுக்காதீர்கள், எந்தப் பறவையாக இருந்தாலும். டிரோன் எங்கேயுமே வேண்டாம்.

காப்புக்காடுகளுக்கும் கல்லூரி வளாகங்களுக்கும் முன் அனுமதி தேவை. கிண்டி தேசியப் பூங்காவின் உட்பகுதி, நன்மங்கலம் காப்புக்காடு, ஐ.ஐ.டி. வளாகம் எல்லாம் இதில் அடக்கம். கடிதத்தில் வருபவர்களின் பெயர், தேதி, நேரம், வண்டி எண், நோக்கம் இருக்க வேண்டும். அடையாள அட்டை நகலை இணைத்து, இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்னால் கொடுங்கள். பொங்கல் விடுமுறை நடுவில் வந்தால் மூன்று. முத்திரை வாங்காமல் விட்டதால் ஓர் அலுவலகத்துக்கு ஒரே கடிதத்தோடு மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை பருவமே முடிந்திருந்தது.

வனத்துறை இடங்களில் நுழைவுச்சீட்டுக்கும் கேமராவுக்கும் தனித்தனிக் கட்டணம். தொகை மாறிக்கொண்டே இருப்பதால் சில்லறையாக முந்நூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது.

6. இனி வெளியே கிளம்பலாம்

*பள்ளிக்கரணை.* உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022 முதல் உள்ள சதுப்புநிலம். வேளச்சேரி வரை பறக்கும் ரயில், அங்கிருந்து பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. போகவர ஐம்பது, அறுபது ரூபாயில் முடியும். துரைப்பாக்கம் போகும் 200 அடிச் சாலையின் ஓரத்திலிருந்தே நீலத் தாழைக்கோழி, நெடுங்கால் உள்ளான், ஊசிவால் வாத்து, தட்டைவாயன் வாத்து, அரிவாள் மூக்கன், சேற்றுப் பூனைப்பருந்து எல்லாம் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை (ஃபிளமிங்கோ). குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால் வடக்குப் பக்கம் பார்த்து நில்லுங்கள், வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தெற்கே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு. வண்டிகள் அங்கே கண்மூடித்தனமாகப் போகும். நடைபாதையை விட்டு இறங்காதீர்கள், காரைச் சாலையோரம் நிறுத்தாதீர்கள். குப்பைமேட்டு நாற்றம் பழகிவிடும். எனக்கு இரண்டு வாரம் ஆனது.

*அடையாறு முகத்துவாரம்.* திரு.வி.க. பாலத்திலிருந்து பார்க்கலாம். பெசன்ட் நகர் ஊரூர்க் குப்பம் வழியாக மணலுக்கு நடந்தும் போகலாம். கடற்காகம், ஆலா, சின்னச் சின்ன உப்புக்கொத்திகள். கிளம்பும் முன் இணையத்தில் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வடிந்திருக்கும் நேரத்துக்குப் போங்கள். அப்போதுதான் மணல்திட்டு வெளியே தெரியும். குப்பத்தில் காய வைத்திருக்கும் வலையைத் தாண்டாதீர்கள். "அண்ணே, இந்தப் பக்கம் போலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நடங்கள். என்ன மீன் ஏறுகிறது, பறவை எந்தப் பக்கம் என்று அவர்களே சொல்வார்கள். அங்கே இருக்கும் உடைந்த பழைய பாலத்தின் மேல் ஏற வேண்டாம், இருட்டிய பிறகு அங்கே நிற்கவும் வேண்டாம்.

*கிண்டி.* குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சிறுவர் பூங்கா. செவ்வாய்க்கிழமை விடுமுறை. சுமார் 270 ஹெக்டேரில் நகரத்துக்கு நடுவே ஒரு தேசியப் பூங்கா இருப்பதும், அதில் வெளிமானும் புள்ளிமானும் நரியும் இருப்பதும் பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற பலருக்குத் தெரியாது. அடையாற்றில் தியசாபிகல் சொசைட்டி வளாகமும் நல்ல இடம்தான், ஆனால் ஞாயிறும் பொது விடுமுறையும் திறப்பதில்லை. மற்ற நாளிலும் காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம்தான். முந்தின நாள் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

*வேடந்தாங்கல், கரிக்கிலி.* என் அக்டோபர் கதையை மறுபடி படியுங்கள். ஏரி நிரம்பியதா என்று தெரிந்துகொண்டு டிசம்பர், ஜனவரியில் போங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் (திருச்சி போகும் நெடுஞ்சாலை) படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். புறநகர் ரயிலில் செங்கல்பட்டு போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் நாலாயிரம் ரூபாய் டாக்சி இருநூறு ரூபாய்க்குள் முடியும், ஆனால் பஸ் அடிக்கடி கிடையாது. திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். மாலை நாலு மணிக்கு மேல், இரை தேடப் போன நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பிவந்து இறங்கும் நேரம்தான் பார்க்க வேண்டியது. காணும் பொங்கல் அன்று போகாதீர்கள், மனிதத் தலைதான் தெரியும். கொஞ்ச தூரத்தில் உள்ள கரிக்கிலியில் கூட்டமே இருக்காது, அங்கே வாத்துகள்.

*பழவேற்காடு.* பூநாரைக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை. கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலில் பொன்னேரியில் இறங்கி பஸ். யாராவது படகில் கிட்டே கூட்டிப்போகிறேன் என்று கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையிலிருந்தே பாருங்கள். பூநாரை மேயும்போது கிட்டே போனால் கூட்டமே எழுந்து பறந்துவிடும், அன்றைய தீனி அதற்குப் போச்சு.

7. ஓர் இரவு ஆமைக்கு

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடச் சென்னைக் கரைக்கு வரும். 1988-இலிருந்து இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, வார இறுதி இரவுகளில் ஆமைக்கூடு தேடிப் போகும் நடைக்குப் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் சுமார் 7 கி.மீ. நள்ளிரவு வாக்கில் தொடங்கினால் விடியற்காலைதான் முடியும். அறிவிப்பைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே பேசி வையுங்கள். கூட்டமான சனிக்கிழமையை விட்டு அடுத்த வாய்ப்பைக் கேளுங்கள்.

மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுங்கள். செருப்பைப் பையில் வைக்கும்படி இருக்கட்டும். டார்ச்சும் ஃபிளாஷும் கூடாது. ஒரு கூட்டில் நூறு முட்டை அளவில் இருக்கும், 45 நாளுக்கு மேல் ஆகும் பொரிய. குஞ்சுகளைப் பார்க்கத்தான் ஆசை என்றால் மார்ச், ஏப்ரலில் பொரிப்பகத்திலிருந்து கடலில் விடும் மாலைகளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் நீங்கள் பார்ப்பது செத்த ஆமையாக இருக்கலாம். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. என்னோடு வந்த அக்கா மகள் அதைப் பார்த்து அழுதுவிட்டாள். சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் வீட்டிலேயே சொல்லித் தயார்ப்படுத்துங்கள்.

8. தெரிந்தவர்களோடு ஒரு நாள்

தனியாக ஆறு மாதத்தில் கற்றதைத் தெரிந்தவர் ஒருவரோடு இரண்டு காலையில் கற்றேன். மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் 1978-இலிருந்து இருக்கிறது. மரங்களுக்கு 'நிழல்' அமைப்பினர் நடைகள் நடத்துகிறார்கள். சேருவதற்கு நல்ல சமயம் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 முதல் நடக்கிறது. கட்டணம் கிடையாது, முன்பதிவும் வேண்டாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணி இ-பேர்டில் ஏற்றினால் போதும். பாட்டி வீட்டுக் கொல்லையிலும் செய்யலாம். ஊருக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. பிப்ரவரி நடுவில் உலகம் முழுவதும் இதேபோல் நாலு நாள் உண்டு.

குழுவோடு போகும்போது பேச்சைக் குறையுங்கள், பெர்ஃப்யூமையும்தான். 'இது என்ன, அது என்ன' என்று கேட்கத் தயங்காதீர்கள். காகத்தையும் அண்டங்காக்கையையும் கேட்டவன் நான்.

9. உடம்புக்கும் மற்றவற்றுக்கும்

விடியற்காலையின் பெரிய ஆபத்து தெருநாய். பிஸ்கட் போட்டுப் பழக்காதீர்கள், ஓடாதீர்கள், நின்று திரும்பி மெதுவாக நகருங்கள். கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

மழைக்குப் பின் காலில் வெட்டுக்காயத்தோடு தேங்கிய தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். புல்லுக்குள் கையை விடாதீர்கள், கண்ணாடி விரியன் நகரத்துக்குள்ளும் உண்டு. பெண்கள், வயதானவர்கள் ஆளரவமற்ற ஏரிக்கரைக்குத் துணையோடு போவது நல்லது. அதைப் பயந்துகொண்டு எழுதவில்லை, போய்ப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

போகிக் காலை வெளியே போகாதீர்கள். புகையில் விமானமே தாமதமாகும் ஊர் இது. அன்று பத்து மணி வரை தூங்குங்கள்.

போனில் பறவைக் குரலை ஓடவிட்டு நிஜப் பறவையைக் கூப்பிடாதீர்கள். எதிரி வந்துவிட்டது என்று நினைத்துத் தன் வேலையை விட்டுவிட்டு அது அலையும். கூடு, ஆந்தை இருக்கும் பொந்து இவற்றின் இடத்தை வாட்ஸாப் குழுவில் போட வேண்டாம். நான் ஒருமுறை போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தடியில் பதினாறு கேமரா நின்றது. அதற்கடுத்த வாரம் ஆந்தை இல்லை.

10. மார்ச்சில் செய்ய வேண்டியது

மார்ச் பிறந்ததும் 'கடைசியாகப் பார்த்த தேதி' என்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாலாட்டி, கீச்சான், மாங்குயில், தகைவிலான். வரும் தேதி சுலபமாகத் தெரியும், போகும் தேதி நழுவிவிடும். என்றைக்கு முதல் இல்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் உறைக்கும். அதனால் தினமும் பார்த்ததற்கு ஒரு டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். எங்கள் காலிமனைக் கீச்சானுக்கு போன தடவை கடைசி டிக் ஏப்ரல் 9. அந்த மனையில் இப்போது கடக்கால் தோண்டியிருக்கிறார்கள், ஆனால் வேலிக்கம்பி இன்னும் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் பல் தேய்க்க மாடிக்குத்தான் போவேன்.